சீனி டப்பாவின் இடம்

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் சாத்திக்கிறேன் தங்கச்சி, தப்பா நினைக்காதீங்க. காத்து நேரா வந்து காதுக்குள்ள நுழையுது. அப்புறம் ரெண்டு நாளைக்குக் காது கொய்யுனு கேட்டுக்கிட்டே இருக்கும். ம், இப்படி இருக்கட்டும். பஸ்ஸுல கண்ணாடின்னா இந்தளவுதான் திறந்திருக்கணும், ரெண்டு விரக்கடை.

பையை மேல வச்சுக் கொடுத்தீங்களே, ரொம்ப சந்தோஷம். எனக்கு வலது கை தோளுக்கு மேல போகாது. நாலஞ்சு மாசமா இப்படித்தான். அது ஒண்ணுமில்ல, தைலம் தேய்ச்சா சரியாப் போயிடும். நீங்க நல்ல உயரம். நின்ன இடத்துல இருந்தே வச்சுட்டீங்க. நான் வச்சிருந்தா பல்லடம் வர்றதுக்குள்ள யார் தலையிலயாவது விழுந்திருக்கும்.

எங்க இறங்கணும்? அருப்புக்கோட்டையா? நானும் அங்கதான். அப்ப பொழுது சாயுற வரைக்கும் பேச்சுத் துணைக்குக் குறைச்சல் இல்ல.

காலையில இருந்து நான் தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கேன். ஸ்டாண்டுல ஒரு அம்மா தள்ளி உக்காந்துக்கிட்டாங்க. அவங்க நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும். என் போன்ல இந்த மெசேஜைப் பாருங்க. சாதாரண டிக்கெட் இல்ல இது. தீபாவளி டிக்கெட் எல்லாம் நேத்துக் காலையில எட்டு மணிக்குத் திறந்தாங்கல்ல, அதுல போட்ட முதல் டிக்கெட். ஊரே போனைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக் கிடக்கு, முதல் டிக்கெட் எனக்கு. எம் மக ரேணுகா போட்டா.

அவ வேலை பாக்குற கம்பெனிதான் இந்த பஸ்காரங்களுக்கு டிக்கெட் போடுறதை எல்லாம் பாத்துக்குது. சின்னக் கம்பெனிதான், பத்துப் பதினஞ்சு பேரு. கோயம்புத்தூர்ல சரவணம்பட்டி. அங்கேயே ஷெரின்னு ஒரு நாகர்கோவில் பொண்ணோட சேர்ந்து வீடெடுத்து இருக்கா. ரெண்டரை மாசம் முன்னாடி ரேணுவுக்கு அம்மை போட்டுச்சு. ஓடினேன். ரெண்டு வாரம் இருந்துட்டு வர்றேன்னுதான் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டு வந்தேன். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணி ஊத்தி, எல்லாம் ஆச்சு. ஆனா அந்தச் சமையல்கட்டைப் பாத்தா எந்தத் தாய்க்குத் தங்கச்சி கிளம்ப மனசு வரும்? பருப்பு டப்பாவுல காப்பித்தூள். காப்பித்தூள் டப்பாவுல சேஃப்டி பின். உப்பு ஜாடி இருக்க வேண்டிய இடத்துல ஹெல்மெட். நான் ஏழாம் வகுப்போட நின்னவ, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கம்ப்யூட்டர் தெரியாது. ஆனா ஒரு பொருள் எங்க இருக்கணும்னு தெரியும். ஒரே நாள்ல எல்லாத்தையும் எடம் பாத்து வச்சேன்.

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. நான் வைக்கிறதும் அவங்க மாத்துறதும், அவங்க மாத்துறதும் நான் வைக்கிறதும். ஷெரின் ஒரு நாள் கேக்குறா, "ஆன்ட்டி, எனக்க சீப்ப எங்க வச்சிய?" ன்னு. "சீப்பு இருக்க வேண்டிய இடத்துல இருக்கு"ன்னேன். "அதுக்கு ஒரு மேப் குடுத்தா நல்லா இருக்கும் ஆன்ட்டி"ன்னா. நல்ல பொண்ணு. வாய்தான் கொஞ்சம் நீளம்.

விஷயத்துக்கு வர்றேன். ரேணுவை வேலைக்கு எடுக்கும்போதே ஆறு மாசம் பாப்போம், அப்புறம்தான் நிரந்தரம்னு சொல்லி எடுத்தாங்க. அந்த ஆறு மாசம் இந்த மாசக் கடைசியோட முடியுது. போன பொங்கலுக்கு, இவ சேர்றதுக்கு முன்னாடி, டிக்கெட் திறந்த மூணாவது நிமிஷம் எல்லாம் நின்னு போச்சாம். யாருக்கும் டிக்கெட் விழல. பஸ் முதலாளிங்க எல்லாம் போன் போட்டுக் கிழிச்சுட்டாங்களாம். "தீபாவளிக்கும் இப்படி ஆச்சுன்னா நாம கடையை மூட வேண்டியதுதான் ரேணுகா, அதை நீதான் பாத்துக்கணும்"னு அவ மேனேஜர் ஜெகன் சார் இவ தலையில கட்டிட்டாரு. இவ சரி பண்ணலேன்னா வேலை இல்ல. வேலை இல்லேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு அருப்புக்கோட்டை.

நான் மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன், எம் புள்ளைக்கு வேலை நிலைக்கணும்னு. மறுநாள், அப்படி நிலைக்கலேன்னா அவ ஊருக்கு வந்து என்கூட இருக்கட்டும்னும் சேர்த்து வேண்டிக்கிட்டேன். ரெண்டுல எது நடந்தாலும் மாவிளக்கு போடுறதாப் பேச்சு. தப்பில்லையே?

கொஞ்சம் இருங்க. கண்ணாடி நகர்ந்திருக்கு. குலுங்குறதுல தானா திறந்துக்குது போல. ம், ஆச்சு.

அங்க என்ன கோளாறுன்னா, எந்த பஸ்ல எந்த சீட் யாருக்குன்னு எழுதி வைக்கிற பெரிய நோட்டு ஒண்ணு இருக்கு. டேட்டாபேஸ்னு சொல்றாங்க. அந்த நோட்டுக்கிட்ட ஒரே நேரத்துல நூறு பேருதான் போகலாம்னு எழுதியிருக்காம். நூத்தி ஒண்ணாவது ஆள் போனா கதவு சாத்தியாச்சு. பொங்கலுக்கு நின்னு போனது அதனாலதான். சரி, நூறை ஐநூறு ஆக்கிட்டாப் போச்சுன்னு இவ உள்ள போய் மாத்தினா. மாத்தினது எடுத்துக்கணும்னா ஒரு தடவை அணைச்சுப் போடணுமாம், நம்ம வீட்டு டிவி மாதிரி. அணைச்சுப் போட்டா. போய்ப் பாத்தா நூறு.

மறுபடி ஐநூறுன்னு எழுதினா. அணைச்சுப் போட்டா. நூறு.

இப்படி நாலு நாளு. அவ எழுதுறா, அது அழிக்குது. சோறு இறங்கல புள்ளைக்கு. நகத்தைக் கடிச்சுக் கடிச்சு விரலே பாதியாப் போச்சு. நான் என்ன பண்ணுவேன்? கண்ணுதான் பட்டிருக்குன்னு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வந்து அவ கம்ப்யூட்டருக்குச் சுத்திப் போட்டேன். "அம்மா, கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லம்மா, அந்த டேட்டாபேஸ் வேற எங்கேயோ இருக்கு"ன்னா. "எங்க இருக்குன்னு சொல்லு, அங்க போய்ச் சுத்துறேன்"னேன். "மும்பை"ன்னா. சரின்னு வடக்குப் பக்கமாப் பாத்துச் சுத்தினேன்.

சனிக்கிழமை மத்தியானம் சோத்தைப் பெசைஞ்சு வாயில ஊட்டிக்கிட்டே கேட்டேன். "என்னத்தா ரேணு, நீ எழுதுறதை யாரு அழிக்கிறா? அவனைக் கூப்பிட்டுக் கேக்கலாமே."

"ஆள் இல்லம்மா. ப்ரோக்ராம்."

"அது யாரு?"

அப்பதான் பொறுமையாச் சொன்னா. அந்த டேட்டாபேஸ் ஒரு டப்பாக்குள்ள ஓடுதாம். கன்டெய்னர்னா, நான் டப்பான்னு வச்சுக்கிட்டேன். அந்த டப்பாவைப் பாத்துக்க ஒரு ப்ரோக்ராம் இருக்கு, மேஸ்திரி மாதிரின்னு வச்சுக்கோங்க. டப்பா எப்படி இருக்கணும்னு மேஸ்திரிகிட்ட ஒரு லிஸ்ட்டு இருக்கு. டப்பா கீழ விழுந்தா அதைத் தூக்கிப் போட்டுட்டு, லிஸ்ட்டைப் பாத்துப் புது டப்பா வைக்கும். உள்ள யாராவது கையை விட்டு எதையாவது மாத்தினா, லிஸ்ட்டுல இல்லையேன்னு பழையபடி ஆக்கிடும். ராப்பகல் பாக்காது, லீவு கேக்காது.

"நல்ல மேஸ்திரி"ன்னேன். "இப்படி ஒருத்தன் இருந்தா வீடு எவ்வளவு சுத்தமா இருக்கும்."

ரேணு என்னை ஒரு மாதிரி பாத்தா. "அதான் இருக்கியே"ன்னா. பெத்தவளைப் பெருமையாச் சொல்றான்னு எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்.

"அப்ப லிஸ்ட்டையே மாத்திடேன்"னேன்.

"மாத்திட்டேன்மா. முதல் நாளே மாத்திட்டேன். லிஸ்ட்டுல ஐநூறுன்னுதான் இருக்கு. பத்துத் தடவை பாத்துட்டேன். இருந்தும் நூறுதான் வருது." அழுதுட்டா தங்கச்சி. வாயில சோத்தோட அழுதுட்டா. தீபாவளி டிக்கெட் திறக்குறது புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு. நடுவுல மூணு நாளுதான்.

அம்மனுக்கு ரெண்டாவதா வேண்டிக்கிட்டதை அன்னிக்கே ரத்து பண்ணிட்டேன். புள்ள அழுறதைப் பாத்துக்கிட்டு எந்த ஊரும் வேண்டாம்.

இந்த நேரத்துல சீனி டப்பாவையும் சொல்லிடணும். எங்க வீட்ல சீனி டப்பா மேல் தட்டுலதான் இருக்கும். கல்யாணம் ஆகி வந்த நாள்லயிருந்து. கீழ வச்சா எறும்பு வரும். சரவணம்பட்டியிலயும் அதே மாதிரி மேல் தட்டுல வச்சேன். ரேணு அதை எடுத்து அடுப்புப் பக்கத்துல கீழ வைப்பா. நான் எடுத்து மேல வைப்பேன். "மேல வச்சா மட்டும் எறும்பு வராதா? எறும்புக்கு ஏணியா வேணும்?"னு கேப்பா. படிச்ச புள்ளைக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியுமா? அவ அந்தப் பக்கம் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி, அதோட இடத்துல வச்சுட்டு இறங்கிடுவேன்.

ஒரு நாள் அப்படி ஏறும்போது ஸ்டூல் லேசா வழுக்குச்சு. நான் விழல, சறுக்கினேன். விழுறது வேற, சறுக்குறது வேற. முழங்கையில ஒரு சின்ன இடி. அதுக்கு ரெண்டு பொண்ணுங்களும் போட்ட சத்தத்துல எதிர் வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. அன்னையிலருந்து ரேணுவுக்கு ஒரு பிடிவாதம், சீனி கீழதான் இருக்கணும்னு. ஏன் அப்படி ஒரு வீம்புன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. அவங்க அப்பா வழி.

ஞாயித்துக்கிழமை காலையில பதினொரு மணி இருக்கும். காப்பி போடலாம்னு ரேணு எழுந்து வந்தா. கையை நீட்டினா, சீனி இல்ல. நிமிர்ந்து பாத்தா, மேல.

"யாரும்மா இதை மறுபடி மேல வச்சது?"

"வேற யாரு, நான்தான்."

"நேத்துதானே கீழ வச்சேன்."

"வச்ச. நான் எடுத்து அதோட இடத்துல வச்சேன்."

"அதோட இடம் மேலன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நம்ம வீட்ல அங்கதானே இருக்கு. இருபத்தெட்டு வருஷமா."

"இது நம்ம வீடு இல்லம்மா. சரவணம்பட்டி."

"எந்த ஊரா இருந்தா என்ன? சீனி சீனிதானே."

"இந்த அலமாரியில நான் ஒட்டி வச்சிருக்கேனே, 'சீனி கீழ்'னு கொட்டை எழுத்துல. அதைப் பாக்கலையா நீ?"

உண்மையிலேயே ஒட்டியிருந்தா தங்கச்சி. மஞ்சக் காகிதத்துல எழுதி ஒட்டியிருந்தா. நான் பாக்கவே இல்ல. "நான் எதுக்குத்தா அதைப் பாக்குறேன்? எனக்குத்தான் நம்ம வீட்டு அலமாரி மனப்பாடமாச்சே"ன்னேன்.

அவ அப்படியே நின்னுட்டா. டம்ளர் ஒரு கையில, கரண்டி ஒரு கையில. அடுப்புல பால் பொங்கி வழியுது, நான் ஓடிப் போய் அணைக்கிறேன், இவ அசையல.

"அம்மா," ங்குறா மெதுவா, "நீ இந்த லிஸ்ட்டைப் பாத்து வைக்கல. அருப்புக்கோட்டை லிஸ்ட்டைப் பாத்து வைக்கிற."

"ஆமா."

"நான் இங்க எத்தனை தடவை எழுதி ஒட்டினாலும்..."

"நீ ஒட்டிக்கிட்டே இரு. நான் எடுத்து வச்சுக்கிட்டே இருப்பேன். எனக்கு அலுக்காது."

ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சா பாருங்க. இந்தக் கன்னத்துல ஒண்ணு, அந்தக் கன்னத்துல ஒண்ணு. கரண்டி என் முதுகுல இடிக்குது. "ஷெரின், மேஸ்திரி வேற லிஸ்ட்டைப் பாக்குதுடி. நம்ம லிஸ்ட்டைப் பாக்கவே இல்ல"ன்னு கத்திக்கிட்டு உள்ள ஓடினா. ஷெரின் பல்லு விளக்கிட்டு இருந்தவ, பிரஷ்ஷோடயே வந்துட்டா.

அப்புறம் தேடினா கிடைச்சுச்சு. இவளுக்கு முன்னாடி அந்த வேலையில குணசேகரன்னு ஒருத்தர் இருந்திருக்காரு. அவர்தான் மேஸ்திரியை ஏற்பாடு பண்ணினவரு. போறப்போ லிஸ்ட்டை வேற ஒரு இடத்துல வச்சு, இனிமே இதைப் பாருன்னு மேஸ்திரிக்குச் சொல்லிட்டுப் போயிட்டாரு. மனுசங்ககிட்ட சொல்லல. ஆபீஸ்ல எல்லாரும் பழைய லிஸ்ட்டையே திருத்திக்கிட்டு இருந்திருக்காங்க. அதுல ஐநூறுன்னு எழுதினா என்ன, ஐயாயிரம்னு எழுதினா என்ன?

ஜெகன் சார்கிட்ட கேட்டுட்டு, சரியான லிஸ்ட்டுல மாத்தினா. அப்புறம் வேணும்னே அந்த டப்பாவைத் தள்ளி விட்டா. மேஸ்திரி புது டப்பா வச்சுச்சு. நாங்க மூணு பேரும் தலையை முட்டிக்கிட்டு அந்தத் திரையைப் பாக்குறோம். எனக்குப் படிக்கத் தெரியிறது அதுல நம்பர் மட்டும்தான்.

ஐநூறு.

திரும்பத் தள்ளி விட்டா. ஐநூறு. மறுபடி ஒரு தடவை. ஐநூறு. "போதும்த்தா, அந்த மேஸ்திரியையும் கொஞ்சம் உக்கார விடு"ன்னேன். ஷெரின் தரையில விழுந்து சிரிக்கிறா. "ஆன்ட்டி, ஒங்களக் கம்பெனியில எடுத்துரணும்"ங்குறா. நான் சும்மா இல்லாம, "எடுத்தா வர்றேன், ஆனா ஆபீஸ் சமையல்கட்டை முதல்ல பாக்கணும்"னேன். மூணு பேரும் அன்னிக்குச் சீனி போடாத காப்பிதான் குடிச்சோம். போட மறந்துட்டோம்.

பாத்தீங்களா தங்கச்சி? நாலு நாளா எல்லாரும் மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. நான் ஒரு பொருளை எடம் மாறாம வச்சதாலதான் அது விளங்குச்சு. அன்னிக்கே நானும் அவ பேச்சைக் கேட்டு சீனியைக் கீழ வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? யோசிச்சுப் பாருங்க.

ஏன், வேர்க்குதா உங்களுக்கு? தாராபுரம் தாண்டிட்டா வேர்க்காது. கண்ணாடி இப்படியே இருக்கட்டும்.

நேத்துக் காலையில ஏழரை மணிக்கே சாப்பாட்டு மேசையில உக்காந்துட்டா. போன்ல ஜெகன் சார் குரல். ஷெரின் ஒரு பக்கம், எலுமிச்சம்பழத்தோட நான் ஒரு பக்கம். எட்டு ஆச்சு. ரேணு எதையோ தட்டினா. எட்டு ஒண்ணு. எட்டு ரெண்டு. மூணாவது நிமிஷத்துலதான் போன தடவை நின்னுச்சு. அந்த மூணாவது நிமிஷம் எவ்வளவு நீளம்னு நினைக்கிறீங்க? நான் மாரியம்மன்ல ஆரம்பிச்சு எங்க குலசாமி வரைக்கும் வந்துட்டேன், அப்பவும் முடியல.

எட்டு நாலு. ஜெகன் சார் சொல்றாரு, "ஓடுது ரேணுகா." அப்புறம், "நல்லாவே ஓடுது. நீ மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், லெட்டரை இன்னிக்கே அடிக்கச் சொல்றேன்"னாரு.

நான் எலுமிச்சம்பழத்தைக் கீழ போட்டுட்டேன். அது உருண்டு போய் ஃபிரிட்ஜுக்கு அடியில போயிடுச்சு. கிடக்கட்டும், மும்பைக்கும் அங்கிருந்தே பாத்துக்கும்.

அப்பதான் ரேணு சொன்னா. "அம்மா, எட்டு மணிக்குத் திறந்ததும் எல்லாம் வேலை செய்யுதான்னு பாக்க முதல் டிக்கெட்டை நானே போட்டேன். யாருக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"உனக்கு. நாளைக்கு மத்தியானம். ஜன்னலுக்கு அடுத்த சீட்டு."

ஷெரின் வாயைப் பொத்திக்கிட்டு இருமிக்கிட்டே பாத்ரூமுக்கு ஓடிட்டா, புரை ஏறியிருக்கும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தங்கச்சி. எத்தனை ஆயிரம் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க, முதல்ல அம்மாவை நினைச்சிருக்கா பாருங்க. யோசிக்கவே இல்ல, தயாரா மனசுல வச்சிருந்திருக்கா. ரெண்டாவது டிக்கெட் அவளுக்கு, தீபாவளிக்கு ஊருக்கு வர. எட்டு நாள் லீவு. "எட்டு நாளும் உன் சமையல்தான், உன் கட்டுப்பாடுதான், நான் எதையும் மாத்த மாட்டேன்"னு சத்தியம் பண்ணினா.

இன்னிக்குக் காலையில அவ ஆபீஸுக்குக் கிளம்பினதும் ஒரு தடவை எல்லாத்தையும் சரி பாத்துட்டுத்தான் வந்தேன். சீனி மேலதான் இருக்கு.

இருங்க, போன் அடிக்குது. எங்க வீட்டுக்காரர்.

ஏங்க. ஆமா, ஒட்டன்சத்திரம் வரப்போகுது. சாப்பிட்டேன். என்னது? அலமாரியா? எந்த அலமாரி? எதுக்கு? யாரு சொன்னா? எப்ப? ஞாயித்துக்கிழமையேவா? சரி. சரிங்க. வந்து பேசிக்கிறேன். ஸ்டூலையுமா?

வச்சுட்டாரு.

பாருங்க தங்கச்சி, நான் இல்லாத நேரத்துல வீட்ல என்ன நடந்திருக்குன்னு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரேணு அப்பாவுக்குப் போன் பண்ணியிருக்கா. நம்ம வீட்டு மேல் தட்டுல இருக்கிறதை எல்லாம் கீழ இறக்கி வைங்கப்பான்னு. சீனி, புளி, மிளகாய்த்தூள், ஒண்ணு விடாம. அம்மா கைக்கு எட்டுற உயரத்துலதான் எல்லாம் இருக்கணும், அளந்து வைங்கன்னாளாம். இவரும் ரிட்டயர்டு ஆன மனுசன், பொழுது போகல, ஸ்கேல் வச்சு அளந்து வச்சிருக்காரு. எதுக்குத்தான்னு கேட்டதுக்கு, "அம்மா பாக்குற லிஸ்ட்டு அங்கதான்ப்பா இருக்கு, அங்க மாத்தினாத்தான் நிக்கும்"னு சொன்னாளாம்.

இவருக்கு ஒண்ணும் விளங்கலையாம். எனக்கும்தான் விளங்கல. வேலை நிரந்தரம் ஆன சந்தோஷத்துல புள்ள என்னத்தையோ உளறியிருக்கா. ஆனா அவளுக்கு லெட்டர் கிடைச்சது புதன்கிழமைதானே? சரி விடுங்க.

போன உடனே முதல் வேலையா எல்லாத்தையும் அதோட இடத்துல வைக்கணும். அதுலயும் ஒரு சிக்கல் பண்ணியிருக்காங்க. ஸ்டூலை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாச்சாம். அதுவும் ரேணு சொல்லித்தானாம். கையைத் தூக்கவும் முடியாது, ஏறவும் ஒண்ணும் இல்ல, சீனியை எப்படி மேல வைக்கிறதாம்?

கண்ணாடியை வேணும்னா முழுசாத் திறந்துக்கோங்க தங்கச்சி, பரவாயில்ல. நீங்க நல்ல உயரம். அருப்புக்கோட்டையில உங்க வீடு எந்தத் தெரு?